கஞ்சி இறங்கினால் போதும்

"சோறு இறங்க மாட்டேங்குது டாக்டர்." உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கமிருந்து மதுரைக்கு வரும் உணவுக்குழல் புற்றுநோயாளிகள் பலரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அதற்குள் சோறு நின்று, இட்லி நின்று, கஞ்சியும் தேங்கத் தொடங்கியிருக்கும். நோய் பரவி, அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்றான பிறகே பலர் என்னிடம் வருகிறார்கள்.

அடைப்பின் நடுவே மிஞ்சியிருக்கும் சிறு துவாரத்தில் எண்டோஸ்கோப் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்துவேன். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, அதன்மேல் சுருக்கி வைத்த ஸ்டென்டை ஏற்றுவேன். நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் வலைக்குழாய் அது, தானாக விரியும். கட்டிக்கு மேலும் கீழும் சுமார் 2 செ.மீ. மிஞ்ச வேண்டும். விரியும்போது நீளம் குறையும் ரகங்கள் உண்டு. அந்தக் கணக்குத் தப்பினால் ஒரு முனை கட்டிக்குள்ளேயே நின்றுவிடும். விடுவித்ததும் திரையில் உடுக்கை மாதிரி நடுவில் ஒடுங்கித் தெரியும். பலூன் வைத்து உடனே விரித்துவிடக் கை துறுதுறுக்கும். விரித்தால் குழல் கிழியலாம். பொறுத்தால் ஓரிரு நாளில் அதுவே விரிந்துகொள்ளும்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. அடைப்பு தொண்டைக்கு மிக அருகில் இருந்தால் ஸ்டென்ட் உறுத்திக்கொண்டே இருக்கும். சில மாதங்களாவது இருப்பார், உடம்பிலும் தெம்பிருக்கிறது என்றால், உள்ளிருந்து தரும் கதிர்வீச்சு மெதுவாகப் பலன் தந்தாலும் நெடுநாள் நிற்கும். பித்தநாளம் அடைத்து, மஞ்சள்காமாலையென்று கீழாநெல்லி குடித்துவிட்டு, உடம்பெல்லாம் அரிப்போடு வருபவர்களுக்கும், எத்தனை நாள் இருப்பார் என்று யோசித்தே ஸ்டென்டைத் தேர்வு செய்கிறோம். பிளாஸ்டிக் ஸ்டென்ட் சுமார் 3 மாதத்தில் அடைத்துக்கொள்ளும். உலோகம் கூடுதல் நாள் தாங்கும், விலையும் கூடுதல்.

"அப்பாவுக்குச் சரியாயிருமா சார்?" என்று மகன் கேட்பார். "நோய் போகாது தம்பி. கஞ்சி இறங்கும்" என்பேன். இதைக் குழாய் வைப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பெரியவரின் கேள்வி வேறு: "கறிக்குழம்பு சாப்பிடலாமா?" "குழம்பு ஊத்திக் குழைய பிசைஞ்சு சாப்பிடுங்கய்யா, கறித்துண்டு வேண்டாம்." விழுங்கும் சிரமத்தை 0 முதல் 4 வரை அளக்கிறோம், 4 என்றால் எச்சில்கூட இறங்காது. 4-லிருந்து 2-க்கு வந்தாலே எங்களுக்கு வெற்றி.

குழாய் வைத்ததோடு கவனிப்பு முடியாது. வலிக்கும் மற்றத் தொல்லைகளுக்கும் நோய் ஆதரவு சிகிச்சை தேவை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அது வீட்டுக்கே வருகிறது. கேட்டுப் பெறுங்கள். பரோட்டா, நார்க்கீரை, கறித்துண்டு கொடுக்காதீர்கள். உட்கார வைத்தே ஊட்டுங்கள், இடையிடையே வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள். அடைத்துக்கொண்டால் வீட்டில் எதையும் விட்டுத் தள்ளாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். பெரும்பாலும் எண்டோஸ்கோப்பாலேயே எடுத்துவிடலாம்.