பழைய சாலையில் சொந்தங்களைத் தேடி

பள்ளி விடுமுறை நெருங்கினால் உங்கள் வீட்டில் என்ன பேச்சு எழுகிறது? பினாங்குக்குப் போவோமா, கேமரன் மலைக்குப் போவோமா என்றுதானே பிள்ளைகள் கேட்கிறார்கள்? கேட்கட்டும், தவறில்லை. ஆனால் இம்முறை அவர்களிடம் வேறொன்று சொல்லிப் பாருங்கள். "பாகான் செராயில் நமக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார். கெடாவில் ஓர் அத்தை இருக்கிறார். போய்ப் பார்த்துவிட்டு வருவோம்" என்று சொல்லுங்கள்.

ஒரு காலத்தில் இதைச் சொல்லவே தேவையிருக்கவில்லை. சித்தப்பாவும் அத்தையும் ஒரே லயத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் போயின. அண்ணன் ஒரு பட்டணம், தங்கை ஒரு பட்டணம் என்று சிதறினோம். இன்று பலரும் சந்தித்துக்கொள்ளும் இடம் சாவு வீடுதான். கருமாதி முடிந்ததும் "ஒருநாள் வருகிறோம்" என்று சொல்லிப் பிரிகிறோம். அந்த ஒருநாள் வருவதே இல்லை.

1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறக்கப்பட்டது. அதில் போனால் விரைவாகப் போகலாம். ஆனால் ஊர் தெரியாது. அவசரம் இல்லையென்றால் பழைய சாலையைப் பிடியுங்கள். பீடோரில் வண்டியை நிறுத்திக் கொய்யா வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா?

ஈப்போவைத் தாண்டினால் சுங்கை சிப்புட். துன் வீ. தி. சம்பந்தன் 1919-இல் பிறந்த ஊர் இது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் நடுத்தெருவில் நின்ற வேளையில், 1960-இல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். பால் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளியில் அச்சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம்.

அடுத்து கோலகங்சார். 1877-இல் இங்கு ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே பெரிய மரமாக நிற்கிறது. அதைக் காணாமல் போகாதீர்கள். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறியதற்கும், நாம் இந்த மண்ணில் பிறந்ததற்கும் இந்த மரத்தின் சந்ததிதான் காரணம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

தைப்பிங்கைக் கடந்து சிறிது தூரம் போனால் காட்சி மாறிவிடும். மரங்கள் விலகி, வானம் அகன்று, இருபுறமும் வயல் தெரியும். இதுதான் கிரியான் வட்டாரம். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட புக்கிட் மேரா நீர்த்தேக்கம் இந்த வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது. ரப்பருக்கு முன்னே இங்கே கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றிலும் நம்மவர்கள் பாடுபட்டார்கள். ஆகவே இந்த வட்டாரத்தில் நம் கதை ரப்பரைவிடப் பழையது.

பாகான் செராயில் என் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். என் மகன் வாசலில் நின்ற சின்னம்மாவை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டான். அவர் கடகடவென்று சிரித்தார். "ஆன்ட்டியா? நான் ஒனக்குச் சின்னப் பாட்டிடா! ஒங்க அப்பன இந்த இடுப்புலதான் தூக்கி வளர்த்தேன்" என்றார். பையன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அந்த வீட்டில் இருந்த ஒவ்வொருவரையும் காட்டி, "இவங்க எனக்கு என்ன வேணும்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டான். பள்ளிக்கூடத்தில் நான் பல மணி நேரம் நடத்தினாலும் பதியாத பாடம் அது.

அங்கிருந்து பாரிட் புந்தார், நிபோங் திபால், புக்கிட் மெர்தாஜாம் வழியே போனால் சுங்கை பட்டாணி. 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை கண்ணில் படும். அதன் அடிவாரத்தில் மெர்போக் அருகே, காட்டோடையின் ஓரம், புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளம் இருக்கிறது. பக்கத்திலேயே அருங்காட்சியகமும் உண்டு. சோழர் கல்வெட்டுகள் கூறும் கடாரம் இந்தக் கெடாதான். இராசேந்திர சோழனின் கப்பல்கள் 1025-இல் வந்தது இந்தப் பக்கந்தான்.

பீடோங்கில் இருக்கும் அத்தைக்கு எண்பது வயதுக்கு மேல். நாங்கள் அவரைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்பவில்லை; வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே போனோம். குருணிலிருந்து அலோர்ஸ்டார் வரை சாலையோடு ஒட்டி ஒரு கால்வாய் வருகிறது. வான் முகமது சமான் என்ற கெடா மந்திரி பெசார் 1885-இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. இரவில் வரிசையாகப் பந்தம் ஏற்றி நேர்கோடு பார்த்தார்களாம். பின்னாளில் மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்தது. 1970-இல் இருபோக நெல் விளைச்சல் தொடங்கியது. ஏறக்குறைய 96,000 ஹெக்டர்! கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை.

அத்தை வரப்போரம் இறங்கி நின்றார். "எங்கம்மா தஞ்சாவூர்ல நாத்து நட்ட கை. இங்க வந்து பால் வெட்டுச்சு. சாகற வரைக்கும் வயலப் பத்திப் பேசும்" என்றார். அந்த அம்மாவின் ஊர்ப்பெயரையும் சொன்னார். எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. உடனே எழுதிக்கொண்டோம்.

வாசகர்களே, இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். நம் பரம்பரையின் பதிவேடு எந்த அலுவலகத்திலும் முழுமையாக இல்லை. அது முதியவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் போய்விடும். பிறகு நம் பிள்ளைகள் ஒரே ஊரில் எதிரெதிரே நடந்தாலும் யார் அண்ணன், யார் மாமன் என்று அறியமாட்டார்கள். முறை தெரியாமல் பழகிவிட்டுத் திருமணப் பேச்சின்போது திகைத்து நிற்கும் குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

புறப்படுமுன் சில சொல்கிறேன். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். ஒரு வீட்டில் ஓர் இரவுக்கு மேல் தங்கிச் சிரமம் கொடுக்காதீர்கள். பாட்டிக்கு வெற்றிலை பாக்கு, பிள்ளைகளுக்குப் பலகாரம் போதும். முடிந்தால் பெரியவர்கள் கையில் சிறிது பணம் வையுங்கள். ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகமும் எடுத்துச் செல்லுங்கள். பெயர், ஊர், யாருக்கு யார் என்ன முறை என்பதைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். கார் இல்லையென்றால் பேருந்து இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் போக முடியாவிட்டால், வயதில் மூத்தவர் இருக்கும் வீட்டுக்கு முதலில் போங்கள்.