கிளுவை வேலியில் ஒரு காந்தள்

'எங்கள் தோட்டத்து வேலியில் கண்வலிக் கொடி நிறைய முளைத்திருக்கிறது. கிழங்கைத் தோண்டி வயலில் நட்டுக்கொள்ளலாமா?' என்று ஒரு வாசகர் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதியிருந்தார். இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால், வேலியில் அந்தக் கொடி இப்போது எந்த அளவுக்கு இருக்கிறது என்று நேரில் பார்த்துவிட்டு எழுதலாமே எனத் தோன்றியது. கார்த்திகை முதல் வாரத்தில் தாராபுரத்திலிருந்து கரூர் சாலையில் கிளம்பி மூலனூர் பக்கம் போனேன்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள். அவற்றுக்குக் கீழே கொரங்காடுகள். தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கொரங்காடு என்பது கொங்கு விவசாயிகள் மாட்டுக்காகவும் ஆட்டுக்காகவும் விட்டுவைத்திருக்கும் மேய்ச்சல் நிலம். தரையில் கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரங்கள், சுற்றிலும் முள்கிளுவையால் உயிர்வேலி. காங்கேயம் மாடு உடம்பு தேறியதே இந்தக் காட்டில்தான்.

மூலனூர் தாண்டி ஒரு மண்பாதையில் திரும்பியதும், வேலியோரம் எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "கண்வலிப் பூவா? அதைப் பாக்கவா இத்தன தூரம் வந்தீங்க?" என்று சிரித்துவிட்டு, கையில் இருந்த குச்சியால் காட்டினார். கிளுவைக் கிளைகளுக்குள் புகுந்து மேலே வந்திருந்தது கொடி. இதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே கொடியில் மூன்று நிறத்தில் பூக்கள். அன்று விரிந்தது பச்சையும் மஞ்சளும். அடுத்தது அடி மஞ்சள், நுனி சிவப்பு. முதிர்ந்தது முழுக்கச் சிவப்பு. ஆறு இதழும் மேல்நோக்கி வளைந்து, அடுப்பில் தீ எரிகிற மாதிரி.

"சின்னப் புள்ளைல இதை உத்துப் பாத்தா கண்ணு வலிக்கும்னு எங்காத்தா மிரட்டுமுங்க. அப்பல்லாம் இந்த வேலி நீளத்துக்கும் பூத்துக் கெடக்கும். இப்ப இது ஒண்ணு, அந்த மூலையில ரெண்டு. அவ்வளவுதான்."

செங்காந்தள், கலப்பைக் கிழங்கு, கார்த்திகைப் பூ என்று பல பெயரில் இருப்பது இந்த ஒரு செடிதான். குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசையில் முதலில் வருவது காந்தள். இன்று தமிழ்நாட்டின் மாநில மலர். அடர்ந்த காட்டுக்குள் இதைத் தேடவேண்டியதில்லை. வெயிலும் நிழலும் கலந்து விழும் காட்டின் ஓரம், கரட்டுப் புதர், கற்குவியல், வேலி இவைதான் இதன் இடம். நீர் தேங்காத மண்ணும், ஏறிப்போக ஒரு புதரும் வேண்டும்.

ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருப்பதால், உலகச் சிவப்புப் பட்டியலில் இது 'கவலை குறைந்த' வகையில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் களையாகவே பரவிவிட்டது. அதனால் 'அழியப்போகிறது' என்று நான் பயமுறுத்தப்போவதில்லை. ஆனால், உலகத்தில் இருப்பது வேறு, நம் ஊர் வேலியில் இருப்பது வேறு.

வேலியில் குறைந்ததற்கு ஒரு காரணம் கிழங்குதான். கலப்பை போல இரண்டு கையாக வளைந்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். அது ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. வருடா வருடம் பழைய கிழங்கு வற்றிப்போய், அதன் உணவில் புதுக்கிழங்கு உருவாகும். பச்சைக் கொடி நிற்கும்போதே தோண்டினால் புதுக்கிழங்கு தேறாது, விதையும் விழாது. விழுந்த விதையும் லேசில் முளைக்காது. முளைத்தாலும் பூக்க மூன்று, நான்கு வருடம் ஆகும்.

பாதைக்கு அந்தப் பக்கம் பெரியவரின் தம்பி தோட்டம். அரை ஏக்கரில் கம்பி கட்டி இதே காந்தளைப் பயிராக ஏற்றியிருக்கிறார். விதையில் உள்ள கோல்ச்சிசின் என்ற பொருள் கீல்வாத மருந்துக்குப் போகிறது. காலையிலேயே இரண்டு பெண்கள் பூ பூவாக மகரந்தத்தைத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்பதால், தன் மகரந்தம் தானாக விழுவது அபூர்வம். வேலியில் அந்த வேலையை வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் பார்க்கும். வயலில் கூலி கொடுத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

"முதல் கிழங்கு எங்கேங்க வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

"எங்கப்பா கரட்டுல தோண்டிக் கொண்டாந்ததுங்க. எல்லாருமே அப்படித்தான் ஆரம்பிச்சோம். இப்பத்தான் தோட்டத்துக் கெழங்கே போதும்னு ஆயிப்போச்சு. அந்தக் கரட்டுல இப்ப ஒரு கொடியும் கெடையாது" என்றார். மறைக்காமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி சொல்லவேண்டும்.

இடையில் ஒரு விஷயம். செடி முழுவதும் விஷம், கிழங்கு கடும் விஷம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிர்போனவர்கள் உண்டு. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் தொடங்கும். வாயில் போட்டது தெரிந்தவுடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கைவைத்தியம் வேண்டவே வேண்டாம். வெட்டிய கிழங்கைத் தொழுவத்துப் பக்கம் போடாதீர்கள்.

வாசகருக்கான பதிலுக்கு வருகிறேன். நடவுக்குக் கிழங்கு வேண்டுமென்றால் பயிர் செய்கிற விவசாயியிடம் வாங்குங்கள். வேலிக்கொடியை விட்டுவையுங்கள். காப்புக்காட்டில் தோண்டுவது குற்றம் என்பதையும் மறக்கவேண்டாம்.

கிளம்பும்போது பெரியவர் தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்டார். பாகம் பிரித்தாகிவிட்டதாம். மகன்கள் தெற்கு வேலியை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி போடப்போகிறார்களாம். தை முடிந்ததும் ஜேசிபி வரும். "கெழக்கு வேலி என் பாகமுங்க, அதை எடுக்க வுடமாட்டேன். இந்தக் கொடிய அங்க மாத்துனா வருமா?"

வரும் என்றேன். காய் வெடித்து, கொடி காய்ந்து விழுந்த பிறகு சுற்றி அகலமாகத் தோண்டி, முளைக்கண் ஒடியாமல் எடுத்து, நிழலில் மணலுக்குள் வைத்திருந்து, ஆடி மழைக்குக் கிளுவை அடியில் அரை அடி ஆழத்தில் வைக்கவேண்டும். கொடி காய்ந்தபின் இடம் தெரியாது, இப்போதே அடையாளம் வையுங்கள் என்றும் சொன்னேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டின் ஓரத்தைக் கிழித்து, கொடிக்குப் பக்கத்துக் கிளுவைக் கிளையில் முடிந்தார். மூலையில் இருக்கும் மற்ற இரண்டு கொடிக்கும் துணி வேண்டுமென்று மறுபடியும் கிழித்தார்.