ஓட்டவும் தெரியணும், ஒட்டவும் தெரியணும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தால் எதிர்வீட்டு மாமிக்குத் தெரிந்துவிடும். "இன்னிக்கும் சைக்கிளா? இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று பால் பாக்கெட் எடுக்க வரும்போது கேட்பார். எனக்கு வயது 46. மாமி கேட்பதில் தப்பொன்றும் இல்லை. நானும் சிரித்து வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

என் சைக்கிள் சீட்டுக்கு அடியில், தையல்காரரிடம் சொல்லித் தைத்து வாங்கிய ஒரு சின்னப் பை தொங்கும். டியூப் இரண்டு, டயர் கழற்றும் லீவர் மூன்று, ஒட்டுப் போடும் ரப்பர் துண்டுகள், சொல்யூஷன், உப்புக் காகிதம், கிழிந்த பனியன் துணி, கடலை மிட்டாய், உப்பு-சர்க்கரைப் பொட்டலம், அவசரத்துக்கு ஒரு நாப்கின். இவ்வளவுதான் என் சொத்து. கைப்பம்பை ஃபிரேமோடு கட்டி வைத்திருக்கிறேன். "ஒரு சைக்கிளுக்கு எதுக்கு ரெண்டு டியூப்?" என்று என்னவர் கேட்டார். ஒன்று எனக்கு, மற்றது கொண்டு வராதவருக்கு என்றேன். "அப்போ கணக்கு நோட்டுல தர்மம்னு எழுதிக்கோ" என்று கேலி செய்தார். நான் அதைப் பால், தயிர் கணக்கோடு சேர்த்துவிட்டேன். அவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை!

இந்தப் பை எனக்கு வந்தது அம்மாவிடமிருந்து. பை என்றால் துணிப்பை அல்ல, அந்தப் பழக்கத்தைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். 1991, 92-ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது பல வாசகியருக்கு நினைவிருக்கும். எழுத்தறிவோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் ஊக்கம் கொடுத்தார். மாவட்டம் முழுக்க லட்சம் பெண்கள் போல சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆண்கள் சைக்கிளையே ஓட்டியவர்கள் உண்டு. குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு.

எனக்கு அப்போது 12 வயது. நான் பகலில் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். அம்மா இருட்டின பிறகு பொட்டலில் பழகினாள். ஒருத்தி ஏறி உட்காருவாள், இன்னொருத்தி பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள். "விட்றாதடி, விட்றாதடி" என்று முன்னால் இருப்பவள் கத்திக்கொண்டே போவாள். பிடித்தவள் எப்போதோ விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்று சிரித்துக்கொண்டிருப்பாள்!

ஓட்டப் பழகின அம்மா அதோடு நிற்கவில்லை. சைக்கிள் கடை எங்கள் ஊரிலிருந்து நாலு மைல். பாதி வழியில் முள் ஏறினால் உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டு முறை உருட்டினாள். மூன்றாம் முறை கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அம்மாவே ஒட்டினாள். "ஓட்டத் தெரிஞ்சாப் பத்தாதுடி, ஒட்டவும் தெரியணும்" என்பது எங்கள் வீட்டில் அப்பாவுக்கே பாடமாகிப் போன வசனம்.

கல்யாணமாகிப் பெருங்களத்தூர் வந்தேன். குழந்தைகள் வளர்ந்து, முட்டி வலி எட்டிப் பார்க்க ஆரம்பித்தபோது மறுபடி சைக்கிள் ஏறினேன். இப்போது எங்கள் பக்கத்தில் ஒரு சின்னக் குழு இருக்கிறது. தாம்பரம், முடிச்சூர், வண்டலூர்க்காரர்கள், ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து இருபது பேர். மாதம் ஒரு முறை நீண்ட பயணம். வண்டலூரில் இடது பக்கம் திரும்பி, கண்டிகை, மாம்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம், கோவளம், பிறகு கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம். போக வர 90 கிலோமீட்டருக்குக் குறையாது.

குழுவில் எல்லோருக்கும் கடைசியாக ஒருவர் வர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். யார் பின்தங்கினாலும் அவருக்குப் பின்னால்தான் இவர். அந்த வேலை பெரும்பாலும் என் தலையில் விழும். அதில் நான் பார்த்த வேடிக்கைகளை ஒரு புத்தகமே போடலாம். மோட்டார் சைக்கிள் விலைக்கு ஒரு சைக்கிள் வாங்கி, தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி சகிதம் வருவார் ஒருவர். பம்பு கிடையாது. "சிஸ்டர், பம்பு இருக்கா?" என்பார். என் பம்பைக் கொடுத்தால் அவர் சைக்கிளின் ஒல்லி வால்வுக்கு அது சேராது. அந்த அளவு டியூப் சாலையோரக் கடையில் கிடைக்கவும் கிடைக்காது. விலை கொடுத்து வாங்கினவருக்குத் தன் சைக்கிளின் வால்வு எந்த வகை என்று தெரியாது! அவருக்காகவே பத்து ரூபாய்க்கு ஒரு பித்தளை அடாப்டர் வாங்கிப் பையில் போட்டிருக்கிறேன்.

போன வருஷம் எங்களோடு ஓர் இளம் பெண் சேர்ந்தாள். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவள். கல்யாணத்தோடு சைக்கிள் ஓரமாகப் போய்விட்டது. கைக்குழந்தை, பத்து மாதம். மாமியாரிடம் விட்டுவிட்டு வருவாள். முதல் பயணத்திலேயே கண்டிகை பக்கம் பஞ்சர். அவளிடம் ஒன்றுமே இல்லை. "அக்கா..." என்று அவள் முகம் போன போக்கைப் பார்த்து, நானே இறங்கி பத்து நிமிடத்தில் டியூபை மாற்றிக் கொடுத்தேன். அடுத்த மாதம் மறுபடி பஞ்சர், மறுபடி வெறுங்கை. குழுவில் ஒரு தம்பி மாற்றிக் கொடுத்தார். அவசரத்தில் டயருக்குள்ளே இருந்த முள்ளை எடுக்காமலே புது டியூபைப் போட்டுவிட்டதால், இரண்டாவது கிலோமீட்டரில் அதுவும் போயிற்று. புது டியூப் போடுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் துடைக்க வேண்டும். முள் இருந்தால் துணி மாட்டிக் காட்டிக் கொடுக்கும். அதற்குத்தான் என் பையில் பனியன் துணி.

என் மகன் இந்தக் கதையைக் கேட்டு வேறொன்று சொன்னான். 1913-ல் பிரான்ஸ் நாட்டு சைக்கிள் பந்தயத்தில் எஜேன் கிறிஸ்தோஃப் என்ற வீரருக்கு மலைச்சாலையில் முன்பக்க ஃபோர்க் உடைந்துவிட்டதாம். சைக்கிளைத் தோளில் சுமந்து கிலோமீட்டர் கணக்காக நடந்து, ஒரு கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தன் கையாலேயே பற்றவைத்தாராம். ஆனால் ஒரு சிறுவன் துருத்தி ஊதிக் கொடுத்தான் என்று, விதிப்படி அவருக்கு அபராத நேரம் போட்டார்களாம்! கேட்கவே கோபம் வந்தது. இன்றைக்கு நடக்கும் 200 கிலோமீட்டர் 'ப்ரெவே' பயணங்களில் அவ்வளவு கொடுமை இல்லை. பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், வழிநெடுக நமக்கென்று உதவி வண்டி வரக்கூடாது, அவரவர் பாடு அவரவருக்கு. ஆனால் ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கத் தடையில்லை. எனக்கு இதுதான் சரி என்று படுகிறது.

மூன்றாவது பயணம் மே மாதம். மாமல்லபுரத்தில் எல்லோரும் பொங்கல், வடை என்று உட்கார்ந்தபோது, அவள் ஒரு காபியை மட்டும் நின்றபடியே குடித்துவிட்டுத் திரும்பக் கிளம்பத் துடித்தாள். நான் பார்த்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்.

திரும்பும் வழியில், மாம்பாக்கம் வருமுன் ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்து, கை நடுங்கி, நெற்றியெல்லாம் குளிர்ந்த வேர்வை. "ஒண்ணுமில்லக்கா, ரெண்டு நிமிஷம்" என்றாள். தண்ணீர் பாட்டில் நிறைந்தபடி அப்படியே இருந்தது.

"ஏன்டி குடிக்கலை?"

"குடிச்சா வழியில எங்கக்கா போறது?"

எனக்குப் பேச்சு வரவில்லை. பஸ்ஸில், ரயிலில், கல்யாண வீட்டில் என்று நம்மில் எத்தனை பேர் இதையே செய்கிறோம்! அவளுக்கோ அதற்கு மேல் ஒரு கஷ்டம். குழந்தைக்குப் பால் கொடுத்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகி மார்பு கனத்து வலித்தது. அதனால்தான் அந்த அவசரம். தாய்ப்பால் கொடுப்பவளுக்குச் சாதாரண நாளிலேயே தண்ணீர் அதிகம் வேண்டும். மே வெயிலில், வெறும் வயிற்றில், 70 கிலோமீட்டர்!

நிழலில் படுக்க வைத்து, கால்களைப் பையின் மேல் தூக்கி வைத்தேன். துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டேன். பொட்டலத்தைக் கரைத்து வாய் வாயாகக் கொடுத்தேன். (பொட்டலம் இல்லாதவர்கள் காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய டீஸ்பூனால் 6 சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்துகொள்ளலாம். உப்பைக் கூட்டிவிடாதீர்கள்.) பிறகு கடலை மிட்டாய். பேச்சு குழறினாலோ, வாந்தி எடுத்தாலோ, உடம்பு கொதித்தாலோ 108-க்குத்தான் போன் செய்திருப்பேன். நல்லவேளை, இருபது நிமிடத்தில் கண்ணில் வெளிச்சம் வந்தது.

"கிளம்பலாங்கா, நான் ஓட்டிருவேன்."

"வேண்டாம். உன் வீட்டுக்காரருக்குப் போன் பண்றேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, மாமியாருக்குத் தெரிஞ்சா இனிமே விடவே மாட்டாங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கிறேன்."

நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? மாதத்தில் ஒரு நாள், அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு காலைப் பொழுது. அது என் ஒரு போனில் போய்விடலாம். ஆனால் வண்டலூர் சாலையில் லாரி போகும்போது மறுபடி தலை சுற்றினால்? பத்து மாதக் குழந்தை வீட்டில் இருக்கிறது. போன் செய்துவிட்டேன். கணவர் ஒரு குட்டியானை பேசிக்கொண்டு வந்து, சைக்கிளையும் அவளையும் ஏற்றிக்கொண்டு போனார். அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் வரவில்லை. ஒரு நாள் காய்கறிக் கடையில் அவள் மாமியாரே என்னைப் பிடித்துக்கொண்டார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். "பச்சை உடம்புக்காரி, வெறும் வயித்தோட கிளம்புறதை நீங்களாவது கேக்கக் கூடாதா?" என்றார். நியாயம்தானே! தலையைக் குனிந்துகொண்டேன். "சைக்கிளை வேண்டாங்கல. சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க" என்று முடித்தார்.

அதற்குப் பிறகு குழுவில் பெண்கள் நாலு பேர் கூடி ஒரு காரியம் செய்தோம். வழியில் எந்தப் பெட்ரோல் பங்க்கில், எந்த ஹோட்டலில் கழிப்பறை சுத்தமாக இருக்கிறது என்று பார்த்து வைத்தோம். 20 கிலோமீட்டருக்கு ஒன்றாவது தேறியது. பயணம் தொடங்குமுன் யார் சாப்பிட்டார்கள், யார் இல்லை என்று கூச்சமில்லாமல் கேட்கிறோம். பால் கொடுக்கும் தாய்க்கு அவ்வளவு தூரம் வேண்டாம் என்று கோவளத்தோடு திருப்பிவிடுகிறோம்.

இன்னொன்று, எங்கள் மொட்டைமாடியில் ஒரு மாலை அவளை உட்கார வைத்தேன். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். தொடவில்லை. வாளித் தண்ணீரில் டியூபை அமுக்கிக் குமிழி பார்த்து, உப்புக் காகிதத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவினாள். தடவின கையோடு ஒட்டப் போனாள். அது சற்றே உலர்ந்து பிசுக்கென்று ஆகும்வரை காத்திருக்க வேண்டும். என் வாயில் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். ஒட்டு பிய்ந்து வந்தது. இரண்டாம் முறை தானே ஊதி ஊதிக் காத்திருந்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் செய்திருந்தால் பத்து நிமிடம். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அம்மாவின் பொட்டலில் கேரியரை விட்டவர்களை அன்றைக்குத்தான் மெச்சினேன்.

எல்லோரும் இப்படி ஆகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். கறுப்புக் கண்ணாடிக்காரர் இன்னும் பம்பு வாங்கவில்லை.

போன பயணத்தில் கேளம்பாக்கம் தாண்டி ஒரு கல்லூரிப் பெண்ணின் பின் சக்கரம் இறங்கிவிட்டது. நான் பின்னாலிருந்து போய்ச் சேருவதற்குள் இவள் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "முதல்ல தண்ணி குடி. குடிச்சியா? ம், இந்த லீவரைப் பிடி, நீயே கழட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பார்த்தால் என்னுடைய லீவர்! மாடியில் அன்றைக்கு எடுத்தவள் இன்னும் திருப்பித் தரவில்லை.