மூணாற்றிலிருந்து பாலக்காட்டிற்கு ஒரு பழைய மோட்டாரில்

என் மைத்துனன் பாலக்காட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். ஆங்கில நாட்டில் 1962-ஆம் ஆண்டு வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் மேல் அவனுக்குத் தீராத ஆசை. அத்தகைய வண்டியைக் கப்பலேற்றி வரவழைக்க மளிகைக் கடை வருமானம் போதுமா? ஆயினும் அவன் ஆசை முழுதும் வீண்போகவில்லை. அந்த ஸ்பிட்ஃபயருக்கு நம் நாட்டிலேயே உடன்பிறப்பு ஒன்று உண்டு. அதுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

ஹெரால்டு வண்டி ஆங்கில நாட்டில் 1959-இல் பிறந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் மிக்கலோட்டி என்னும் இத்தாலியர். தனிச் சட்டத்தின் மேல் உடற்பகுதிகளைத் துண்டு துண்டாக மரையாணி கொண்டு முடுக்கியிருப்பார்கள். இந்தச் சட்டத்தைக் குறுக்கி, அதன் மேல் மிக்கலோட்டி தீட்டிய வேறோர் உடலை ஏற்றியதே ஸ்பிட்ஃபயர். நம் நாட்டில் 1961 முதல் சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனியார் ஹெரால்டைச் செய்து விற்றனர். பின்னர் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வைத்தும் செய்தனர். ஆகவே ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கர அமைப்பும் பின்னச்சும் எப்படிப்பட்டவை என்று அறிய விரும்புபவர், இங்குள்ள ஹெரால்டின் அடியில் குனிந்து பார்த்தால் போதும்.

எங்களுக்கு வாய்த்தது 1968-ஆம் ஆண்டு வண்டி. மூணாற்றுக்கு அருகே ஒரு தகரக் கொட்டகையில் பல ஆண்டுகளாகக் கிடந்தது. அதைப் பற்றி எழுதுவதற்கு முன், அதைக் காட்டிக் கொடுத்தவரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

என் தாய்மாமா அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பட்டறையில் முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்தவர். அவருடைய பாட்டனார் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கங்காணியின் பின்னே மலையேறியவர். மாமா பிறந்தது லயத்தில், மணந்தது லயத்தில், மாமியைப் பறிகொடுத்ததும் அங்கேதான். பெண்கள் இருவரும் மணமாகிச் சென்றுவிட்டனர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, குடும்பத்தில் வேறு யாரும் தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால், லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். இடவப்பாதி மழைக்கு முன் அவர் வெளியேற வேண்டியிருந்தது. சொந்த ஊர் எது என்று கேட்டால் சங்கரன்கோவில் என்பார். ஆனால் அங்கே அவருக்கென்று ஒரு கூரையும் இல்லை. அவர் முகம் அறிந்தவரும் இல்லை.

"எங்களோடு வந்து இருங்கள், மாமா" என்று நான் பலமுறை அழைத்தேன். "மருமகன் வீட்டில் சும்மா உட்கார்ந்து உண்பது எனக்கு ஒவ்வாது" என்று மறுத்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் மைத்துனன் ஹெரால்டைப் பற்றி அவரிடம் கேட்டான்.

பழைய வண்டி வாங்க நினைக்கும் அன்பர்களுக்கு மாமா கூறிய இரண்டு விஷயங்களை எழுதுகிறேன். வண்ணத்தைப் பார்த்து மயங்காதீர்கள்; அடிச்சட்டத்தைச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். துருவேறிய இடம் மந்தமாக ஒலிக்கும். சட்டம் பழுதானால் உடல் எவ்வளவு அழகாயிருந்தும் பயனில்லை. அடுத்து, சட்டத்தில் பொறித்த எண்ணும் ஆர்.சி. புத்தகத்து எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

ரயில்வே குமாஸ்தாவாகிய என் பங்கு காகித வேலை. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கென மத்திய அரசு 2021-இல் தனி விதி வகுத்தது. புதிதாகப் பதிய ரூ.20,000, பத்தாண்டுக்குச் செல்லும், பின் புதுப்பிக்க ரூ.5,000. முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டலாகாது.

நான்கு மாதம் வேலை நடந்தது. ஹெரால்டின் முன்மூடி, மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும். மாமா சக்கரத்தின் மேலேயே அமர்ந்துகொண்டு என்ஜினைப் பிரித்தார். ஏப்ரலில் என்ஜின் உயிர் பெற்றது. அன்றே புறப்படலாம் என்று மைத்துனன் துடித்தான். மாமா தடுத்து, முன்சக்கரங்களைக் கழற்றச் சொன்னார்.

சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த இரும்புத் தண்டு, கீழே ஒரு வெண்கலக் கூட்டில் மரையாகப் பொருந்தித் திரும்புகிறது. அதற்கு டிரன்னியன் என்று பெயர். இதற்குக் கெட்டியான கியர் எண்ணெய்தான் இடவேண்டும். யாரோ விஷயம் அறியாதவர் கிரீஸை அடைத்திருந்தார். கிரீஸ் அடி மரை வரை இறங்கவில்லை. நீர் தேங்கி, தண்டு அரிக்கப்பட்டிருந்தது. "இப்படியே இறங்கியிருந்தால் ஏதாவதொரு வளைவில் சக்கரம் மடங்கியிருக்கும், மருமகனே" என்றார். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. கோவையில் ஒரு பழைய ஹெரால்டிலிருந்து நல்ல தண்டுகள் கிடைத்தன. கூடுகளை ஒரு லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கினோம். வலப்பக்க மரையும் இடப்பக்க மரையும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. அதைக் கவனித்துச் சொன்னவரும் மாமாவே.

மே மாதத்து ஒரு விடியற்காலையில் புறப்பட்டோம். மாமாவின் உடைமை முழுதும் இரண்டு டிரங்குப் பெட்டிகளில் அடங்கிவிட்டது. மூணாற்றில் ஒரு காலத்தில் மலைரயில் ஓடியது. 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அதை அழித்தது. அந்த ஸ்டேஷன் இருந்த இடத்தைக் கடந்தபோது மாமா திரும்பிப் பார்க்கவில்லை. தேயிலைச் சரிவுகள் வழியாக மறையூருக்குச் சுமார் நாற்பது கிலோமீட்டர். "வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறை, வளைவின் நடுவில் காலைச் சட்டென்று எடுக்காதே, பின்சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும்" என்று அவர் வழிநெடுக மைத்துனனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மறையூரில் வேலிக்குள் சந்தன மரங்கள்; வெல்லம் காய்ச்சும் மணம். அதற்கப்பால் சின்னாறு. மலையின் மழைமறைவில் இருப்பதால் அங்கே பசுமை குன்றி முட்காடு தொடங்குகிறது. சின்னாறு எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு. வண்டியை நிறுத்தி இறங்கி, மாமா சிறிது நேரம் நின்றார். "பாட்டனார் ஏறி வந்தது போடி வழி. நான் இந்த வழியாக இறங்குகிறேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி வழியாகச் சென்றோம். கோவை ஜி.டி.நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பஸ்ஸை ஓட்டினார் என்பதை இங்கே நினைத்துக்கொண்டேன். கோபாலபுரத்தில் மறுபடியும் கேரள எல்லை. மாலைக்குள் பாலக்காடு சேர்ந்தோம். வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை.

இப்பொழுது மைத்துனனின் கிடங்கில் ஒரு மூலை மாமாவுக்குப் பட்டறை ஆகிவிட்டது. பொள்ளாச்சியிலிருந்து இருவர் தங்கள் ஹெரால்டுகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில்தான் உண்கிறார். மாதம் பிறந்ததும் என் மனைவியிடம் ஒரு தொகையைக் கொடுத்துவிடுகிறார். வாங்க மறுத்தால் கோபம் வருகிறது.

மாமா சொல்வதை நான் இரவில் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். வாசக அன்பர்களே, நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் தோட்டத்திலும் ரயிலிலும் ஆலையிலும் கைத்தொழில் கற்றவர்கள். சொந்த நிலம் இல்லாத நம்மில் பலருக்கு அதுவே பூர்வீகச் சொத்து. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.