யார் கையெழுத்து?

படிவம் நேராக மாமாவின் பக்கம் நகர்ந்தது. "வீட்டுக்காரர் இங்க ஒரு கையெழுத்துப் போட்டுருங்க" என்றார் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர். மாமா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அத்தை சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அடிவயிற்றில் ஒன்பது சென்டிமீட்டர் கட்டி இருந்தது. அதற்குப் புதிதாக ஒரு கதிர்வீச்சு முறையைச் சோதித்துப் பார்க்கலாமா என்பதற்கான சம்மதப் படிவம் அது.

கருப்பைவாய்ப் புற்றுநோய், மூன்றாம் கட்டம். தீட்டு நின்று ஐந்து வருடம் கழித்து மறுபடியும் இரத்தம் பட்டபோது அத்தை யாரிடமும் சொல்லவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டாள். விடிவதற்குள் அலசி, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் காயப்போட்டாள். வாடை வரத் தொடங்கியதும் கோவிலுக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு திண்ணையில் மற்றவர்களோடு உட்காருவதையும் நிறுத்தினாள். இப்படி எட்டு மாதம். கட்டி அவ்வளவு பெரிதானதற்கு அவள் உடம்பு மட்டும் காரணமில்லை.

இந்த நோய்க்கு வழக்கமான சிகிச்சை இருக்கிறது. ஐந்து வாரத்தில் 25 முறை வெளியிலிருந்து கதிர்வீச்சு. கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்து. கடைசியில் கருப்பைவாய்க்குப் பக்கத்திலேயே கதிர்மூலத்தை வைத்துத் தரும் உள்கதிர்வீச்சு. கட்டி பெரிதாகிவிட்டால் இதற்கு ஒரு சிக்கல் வருகிறது. கட்டியின் நடுப்பகுதிக்கு இரத்த ஓட்டம் போதாது. ஆக்சிஜன் இல்லாமல் கிடக்கும் செல்லைக் கொல்ல, இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர்வீச்சு தேவைப்படும். கட்டி முழுவதற்கும் அவ்வளவு கொடுத்தால் பக்கத்திலிருக்கும் குடலும் சிறுநீர்ப்பையும் தாங்காது.

அதனால்தான் அந்த மருத்துவமனையில் இன்னொன்றைச் சொன்னார்கள். வழக்கமான சிகிச்சையைத் தொடங்குமுன் ஒரே ஒரு நாள், கட்டிக்குள் இடைவெளி விட்டு விட்டுச் சில புள்ளிகளில் மட்டும் அதிகக் கதிர்வீச்சைக் குவிப்பது. புள்ளி ஒவ்வொன்றிலும் 15 கிரே. வழக்கமாக ஒரு நாளைக்குத் தருவது 2 கிரேக்குச் சற்றுக் குறைவு. லாட்டிஸ் கதிர்வீச்சு என்று இதற்குப் பெயர். இதன் வேர் பழையது. 1909இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பன் கோஹ்லர், நோயாளியின் தோல்மேல் இரும்புக் கம்பிவலையை வைத்து அதன் வழியாக எக்ஸ்ரே கொடுத்தார். அந்தக் காலத்து எக்ஸ்ரே தோலைப் பொசுக்கிவிடும். கம்பி மறைத்த இடத்தில் தோல் பிழைத்தது. அங்கிருந்து புண் ஆறியது. தோலைக் காக்கும் சக்திவாய்ந்த இயந்திரங்கள் வந்தபின் வலை மறக்கப்பட்டது. 1990 வாக்கில்தான், வேறு வழியில்லாத பெரிய கட்டிகளுக்காக மறுபடியும் கையில் எடுத்தார்கள். இன்னும் இது ஆராய்ச்சி நிலையைத் தாண்டவில்லை.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னது ஓர் இளம் மருத்துவர். மாமா பேனாவைத் திறந்தபோது, "ஐயா, அம்மாதான் போடணும்" என்று தடுத்தவரும் அவர்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு அத்தைக்கு எதிரே உட்கார்ந்தார். ஒரு தாளில் வட்டம் போட்டு உள்ளே புள்ளிகள் வைத்தார்.

"புள்ளிக் கோலம் மாதிரிங்களா?" என்றாள் அத்தை.

"அப்படித்தாம்மா. கோடு கிடையாது, புள்ளி மட்டுந்தான்."

"புள்ளிக்கு நடுவால இருக்கறது எப்படிங்க சாகும்?"

மருத்துவர் சிரித்துவிட்டார். "அதைத்தாம்மா நாங்களும் தேடறோம். ரத்தக்குழாய் கெடறதால இருக்கலாம், உடம்போட எதிர்ப்புச் சக்தி முழிச்சுக்கறதால இருக்கலாம். முழுசாத் தெரியல."

அத்தை கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். "அப்ப இது எனக்காகச் செய்யறதுங்களா, உங்க ஆராய்ச்சிக்காகங்களா?"

"ரெண்டுக்குந்தாம்மா. வேண்டாம்னாலும் வழக்கமான வைத்தியம் ஒண்ணும் குறையாது."

பெரிய கட்டியோடு வந்த பெண்களிடம் எப்போதும் இப்படிப் பேசியதில்லை. 1951இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு இதே நோயோடு வந்தவர் ஹென்றியெட்டா லேக்ஸ். கறுப்பினப் பெண், ஐந்து குழந்தைகளின் தாய். மயக்கத்தில் இருந்த அவருக்குள் ரேடியம் குழாயை வைப்பதற்கு முன் கட்டியிலிருந்து சதையை வெட்டி எடுத்தார்கள். அவரிடம் கேட்கவில்லை. அந்த ஆண்டே 31 வயதில் அவர் இறந்துபோனார். அவருடைய செல்கள் ஆய்வகங்களில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. 1956இல் தியோடர் பக், ஃபிலிப் மார்கஸ் என்ற இருவர், எவ்வளவு கதிர்வீச்சுக்கு எத்தனை மனித செல் பிழைக்கும் என்று முதன்முதலில் அளந்து கோடு வரைந்ததும் அந்தச் செல்களில்தான். அத்தைக்குப் போட்ட கணக்குக்கு அடியிலும் அந்த அளவீடு இருக்கிறது. கதிர்வீச்சு மருத்துவம் ஒரு பெண்ணின் உடலிலிருந்து கேட்காமல் எடுத்ததில் கற்றது அது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் தெளிவாகவே இருக்கின்றன. ஆய்வில் சேர்பவருக்கு அவர் மொழியில் விளக்க வேண்டும். சம்மதம் அவருடையதாக இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் அவர் விலகலாம். ஆனால் விதி தாளில் இருக்கிறது. பேனாவோ பழக்கத்தில் கணவனின் கைக்குப் போகிறது. அன்று அந்த மருத்துவர் விடுப்பில் இருந்திருந்தால் மாமாவின் கையெழுத்தோடு வேலை முடிந்திருக்கும். மாமா கெட்டவரல்ல. "டாக்டர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று நம்பியவர். அந்த உடம்பு தன்னுடையதல்ல என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

அத்தை ஒரு நாள் அவகாசம் கேட்டாள். இரவு விடுதி அறையில் தமிழ்ப் படிவத்தை இரண்டு முறை என்னைப் படிக்கச் சொன்னாள். குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துளை விழக்கூடும் என்ற வரியை மூன்றாவது முறையும் கேட்டாள். மாமா தூங்கியதும் மெல்லச் சொன்னாள்: "நாத்தம் போனாப் போதும் கண்ணு. நாலு பேரு பக்கத்துல உக்கோரோணும்."

பிழைப்பதைப் பற்றி மட்டுமே நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். அவளுக்கு என்ன வேண்டும் என்று அதுவரை நானும் கேட்கவில்லை.

காலையில் அவளே கையெழுத்திட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன எழுத்து.

கட்டி சுருங்கியது, உள்கதிர்வீச்சுக் கருவியை வைக்க முடிந்தது. இரத்தமும் வாடையும் நின்றன. எவ்வளவு புள்ளிகளால், எவ்வளவு வழக்கமான சிகிச்சையால் என்று ஒருத்தியை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு வருடம் கழித்து நோய் நுரையீரலில் வந்தது, அதில்தான் போனாள். அந்த இரண்டு வருடமும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள், நாலு பேருக்கு நடுவில்.