உப்பிட்ட மலை

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பழமொழி. மனிதருக்கு மனிதர் செய்யும் உதவியைக் கருதி எழுந்தது அம்மொழி. ஆனால், ஓர் ஊருக்கே உப்பிட்ட மலையும் உண்டு.

ஆஸ்திரியா நாட்டில், ஆல்ப்ஸ் மலைகளின் நடுவே, ஹால்ஸ்டாட் என்னும் சிற்றூர் இருக்கிறது. அதன் முன்னே ஆழ்ந்த ஏரி. பின்னே செங்குத்தான மலை. இரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய கரையில், ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறி நிற்பதுபோல் வீடுகள் அமைந்துள்ளன. பரந்த வயல்களுக்கு அங்கே இடமில்லை. அவ்வாறிருக்க, மக்கள் அவ்விடத்தை ஏன் நாடினர்? விடை மலையின் வயிற்றில் இருந்தது. அங்கே உறைந்து கிடந்தது உப்பு.

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அம்மலையைக் குடைந்து உப்பு எடுத்தனர். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அவர்கள் அமைத்த மரப் படிக்கட்டு ஒன்று 2003ஆம் ஆண்டில் சுரங்கத்தினுள் கண்டெடுக்கப்பட்டது. உப்பு அதனை உளுத்துப் போகாமல் காத்திருந்தது. 1734ஆம் ஆண்டில், பண்டைத் தொழிலாளி ஒருவனுடைய உடலே உப்பினுள் கெடாமல் கிடைத்தது. பெயர் அறியாத அம்மனிதனை மலை மறக்கவில்லை.

1846ஆம் ஆண்டில், சுரங்க அதிகாரியான இராம்சாவர் என்பவர் மலைமேல் பழைய இடுகாடு ஒன்றைக் கண்டார். பதினேழு ஆண்டுகள் பொறுமையுடன் அகழ்ந்து, ஏறக்குறைய 980 கல்லறைகளை ஆராய்ந்தார். ஒவ்வொன்றிலும் கிடைத்தவற்றைக் குறித்து வைத்தார். படங்களும் வரையச் செய்தார். தொலைநாட்டு யானைத்தந்தமும் அம்பரும் அவற்றில் இருந்தன. உப்பை விற்ற சிற்றூர் உலகோடு உறவு கொண்டிருந்தது என்பது அவற்றால் விளங்கியது. ஐரோப்பிய வரலாற்றில் கி.மு. 800 முதல் 450 வரையுள்ள காலத்தின் பண்பாட்டிற்கு அறிஞர்கள் இவ்வூரின் பெயரையே சூட்டினர்.

உப்பு எளிதில் கிடைத்த செல்வம் அன்று. மலையினுள் நீரைப் பாய்ச்சி, உப்பைக் கரைத்து, அந்நீரைக் காய்ச்ச வேண்டும். அதற்கு விறகு வேண்டும். அருகிலிருந்த காடுகள் குறைந்தபோது, 1595 முதல் 1607 வரை உழைத்து, 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எபன்சே என்னும் ஊருக்கு உப்புநீரைக் கொண்டுசெல்லும் குழாய் ஒன்றை அமைத்தனர். இரும்பாலன்று, குடைந்த மரத்துண்டுகள் 13,000 கொண்டு அதனை இணைத்தனர். 1750ஆம் ஆண்டில் பெருந்தீ ஊரின் நடுப்பகுதியை அழித்தது. மக்கள் ஊரை விட்டுப் போகவில்லை, மீண்டும் கட்டிக்கொண்டனர்.

நெடுங்காலம் படகும் ஒற்றையடிப் பாதையுமே அவ்வூருக்கு வழி. 1877ஆம் ஆண்டில் ஏரியின் எதிர்க்கரையில் இருப்புப்பாதை வந்தது; 1890ஆம் ஆண்டில் சாலை வந்தது. உப்பு வெளியே சென்ற வழியில் விருந்தினர் உள்ளே வரத் தொடங்கினர். 1997ஆம் ஆண்டில் அப்பகுதி உலக மரபுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டில் சீன நாட்டில் அவ்வூரைப் போலவே மற்றோர் ஊர் கட்டித் திறக்கப்பட்டது.

புகழ் வளர்ந்தது, அதனுடன் தொல்லையும் வளர்ந்தது. எண்ணூறு பேருக்கும் குறைவானோர் வாழும் ஊருக்கு, சில நாள்களில் பதினாயிரம் பேர் வரலாயினர். வீட்டு வாயில்கள் புகைப்படக்காரர்களால் நிறைந்தன. 2020ஆம் ஆண்டில் பேருந்துகளின் வருகைக்கு வரையறை செய்தனர். 2023ஆம் ஆண்டில் ஊர்மக்கள் சாலையில் கூடி, அளவு வேண்டும் என்று குரல் கொடுத்தனர். அவர்கள் விருந்தினரை வெறுத்தவர்கள் அல்லர். விருந்தினரால் பிழைப்போரும் அவர்களுள் பலர். தம் ஊர் காட்சிப் பொருளாகிவிடாமல் வாழும் இடமாகவும் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் வேண்டுகோள்.

வீடுகளையும் கோபுரத்தையும் பார்த்து வேறோர் இடத்தில் அவற்றைப் போலச் செய்துவிடலாம். ஆயின், தலைமுறை தலைமுறையாக மலையைக் குடைந்த கைகளையும், தீக்குப்பின் மீண்டும் சுவர் எழுப்பிய உறுதியையும் அவ்வாறு செய்துவிட முடியாது. ஓர் ஊரைக் காணச் செல்வோர் அதன் அழகோடு அங்கு வாழ்வோரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். விருந்தாகச் சென்று ஓர் ஊரின் உப்பை உண்டவர் அதற்குச் செய்யத்தக்க நன்றி அதுவே.