கான்ஹேரிக் காட்டில் ஒரு சுற்று

மும்பையில் வாழும் நம்மவரிடம் காடு எங்கே இருக்கிறது என்று கேட்டால், பலர் ஊருக்குச் செல்லும் ரயிலின் சன்னலில் கண்ட மலைகளையே சொல்வர். ஆனால், போரிவலி நிலையத்தின் கிழக்குப் புறம் இறங்கிச் சிறிது தூரம் நடந்தாலே ஒரு பெருங்காட்டின் வாயிலை அடைந்துவிடலாம். சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்னும் அக்காடு ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. விகார், துளசி என்னும் ஏரிகள் இரண்டும் அதனுள் அடங்கியவை. 1860 இல் விகார் ஏரி கட்டி முடிந்த பிறகே இந்நகருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. அந்நீர் பாயும் நகரில் இருபது ஆண்டுகள் வாழ்ந்தும், 2024 டிசம்பரில்தான் நான் அக்காட்டில் அடிவைத்தேன். அழைத்துச் சென்றது ஆர்வமன்று. வீட்டிலிருந்த ஒரு மனத்தாங்கல்.

அவ்வாண்டு ஆவணியில் என் தாயார் காலமானார். தென்காசிக்கு அருகே எங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு, எழுபத்தாறு வயதுத் தந்தையாரை இங்கே அழைத்து வந்தேன். மூன்றாம் மாடிச் சன்னலருகே அமர்ந்து அவர் நாளெல்லாம் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். காலையில் காபியைக் கொடுத்ததும், "டிக்கெட் போட்டாச்சா?" என்று கேட்பார். "பார்க்கிறேன் அப்பா" என்பேன். தனியே விழுந்துவிட்டால் தூக்குவார் யார் என்பது என் அச்சம். அதை நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "மரம் இருக்கும் இடத்துக்காவது மாமாவைக் கூட்டிப் போங்களேன்" என்றாள் என் மனைவி.

பூங்கா வாயிலிலிருந்து ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் உள்ளே கான்ஹேரிக் குன்று இருக்கிறது. கரிய மலை என்று பொருள்படும் கிருஷ்ணகிரி என்ற சொல்லே கான்ஹேரி எனத் திரிந்தது என்பர். கருங்கற் பாறையைக் குடைந்து பௌத்தத் துறவியர் அமைத்த குகைகள் அங்கே நூற்றுக்கு மேல் உள்ளன. கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதல் நூற்றாண்டில் தொடங்கிய பணி ஓராயிரம் ஆண்டுகள் நடந்திருக்கிறது. ஓர் ஓடைப் பள்ளத்தின் இரு கரைகளிலும் அவை வரிசையாக இருக்கின்றன. ஒரு கரையில் ஏறி, முகட்டைச் சுற்றி, மறு கரையில் இறங்கினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். தந்தையாருக்காக ஒரு கைத்தடி, தண்ணீர், தயிர்சாதம், அவருடைய மாத்திரைகள் ஆகியவற்றோடு புறப்பட்டேன். கைத்தடியை அவர் தொடவே இல்லை.

படிக்கட்டின் அடியில் காட்டில் வாழும் பழங்குடிப் பெண் ஒருத்தி வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற முள்மரத்தைத் தடவி, "ஏலே, இது இலவுல்லா!" என்றார் தந்தையார். அவளோ "சாவர்" என்றாள். அவர் மூவிலை கொண்ட ஒரு மரத்தைக் காட்டி, "புரசு" என்றார்; "பளஸ்" என்றாள். "பலாசுன்னும் சொல்லுவோம்" என்று அவர் தமிழிலேயே அவளுக்கு விளக்க, அவள் சிரித்தாள். நான்கு மாதத்தில் அவர் அயலாரோடு பேசியதை நான் கண்டது அன்றுதான்.

மேலே செல்லச் செல்ல மரங்கள் நெருங்கின. தேக்கு இலை உதிர்க்கத் தொடங்கியிருந்தது. தான்றி ஒன்று தனித்து ஓங்கி நின்றது. எனக்கு எல்லாமே வெறும் மரம். அவருக்கு ஒவ்வொன்றும் பேர் சொல்லி அழைக்கத்தக்க ஆள். மேற்குத் தொடர்ச்சி மலை இப்பக்கமிருந்தே தெற்கே குமரிவரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் செல்கிறது என்றேன். "அப்ப இது தலைமாடு, குத்தாலம் கால்மாடு" என்றார்.

சரிவெங்கும் கார்விப் புதர்கள் காய்ந்து நின்றன. எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருசேரப் பூக்கும் செடி அது. நம் குறிஞ்சியின் இனம். குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டு. 2006 இலும் 2018 இலும் பூத்தது. கார்வியோ 2016 இல் பூத்து, மீண்டும் 2024 மழைக்காலத்தில் பூத்தது. பூத்துக் காய்த்ததும் செடி பட்டுப்போகும். விதையே அடுத்த தலைமுறை. அதன் தண்டுகளை நெருக்கிக் கட்டி மண் பூசி, காட்டுவாசிகள் குடிசைச் சுவர் எழுப்புவர்.

முகட்டில் தயிர்சாதம் உண்டோம். மறு கரைக்கு இறங்கும் வழி இதுவே என்று நான் ஒரு தடத்தைக் காட்டி முன்னே நடந்தேன். கால் மணி நேரத்தில் அத்தடம் கார்விப் புதருக்குள் தேய்ந்து மறைந்தது. வந்த வழியும் தெரியவில்லை. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சிறுத்தை வாழும் காடு அது. எனக்கு வேர்த்தது. "அப்பா, நீங்க இங்கேயே உட்காருங்க, நான் பார்த்துட்டு வாரேன்" என்றேன்.

"ரெண்டு பேரும் பிரியப்பிடாது. சும்மா நில்லு" என்றார் அவர்.

குனிந்து பாறையைப் பார்த்தார். விரலகலத்தில் வெட்டிய பழைய வாய்க்கால் ஒன்று பாறைமேல் ஓடியது. மழைநீரைத் தொட்டிகளில் சேர்க்கத் துறவியர் வெட்டியது அது. குகைகளுக்கு அருகிலெல்லாம் அத்தகைய தொட்டிகளைக் காணலாம். "தண்ணி வீட்டுக்குத்தான் போகும். இதுகூடப் போ" என்றார். அவர் முன்னே, நான் பின்னே. சிறிது தூரத்தில் ஒரு தொட்டி, அதன் கீழே ஒரு குகை, குகையின் முன்னே தேய்ந்த படிகள். ஓடைப் பள்ளத்தை அடைந்தபோதும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை, எனக்கு வாங்கியது. வழுக்குப் பாறையொன்றில் என் கையை அவர்தாம் பிடித்துக்கொண்டார்.

பேருந்தில் வரும்போது அவர் டிக்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அவரைக் காப்பதாக எண்ணி நான் செய்தது, அவரைச் சன்னலருகே உட்கார்த்தி வைத்ததே என்பது எனக்கு உறைத்தது. அன்றிரவே நாகர்கோவில் செல்லும் ரயிலில் அவருக்கு இடம் பதிவு செய்தேன். நாள்தோறும் மாலையில் பேசவேண்டும், பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைக்கவேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள் விதித்தேன். "சரிடே" என்றார்.

அன்பர்கள் குடும்பத்தோடு ஒருமுறை சென்று வருக. திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. காலையில் சென்று, வெயில் சாயுமுன் இறங்கிவிடுவது நன்று. வகுத்த பாதையை விட்டு விலகவேண்டாம். வீட்டில் பெரியவர் இருந்தால் அவரையே முன்னே நடக்க விடுங்கள்.

ஊர் சேர்ந்த தந்தையார் தை மாதத்தில் ஒரு மாலை, "அந்த இலவு பூத்துட்டா?" என்று கேட்டார். பார்த்துச் சொல்வதற்காகவே மாசியில் தனியே சென்றேன். பூத்திருந்தது.